தொடங்க மறுக்கும் மடிக்கணினி: எந்த வழியை முதலில் எடுப்பது?

மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்ததும் திரை கறுத்தே நின்றுவிட்டால், அல்லது நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கணினி கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு பாதி வழியில் உறைந்துவிட்டால், செய்து பார்ப்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. கர்னலுக்கு ஓர் அளவுருவை, அதாவது தொடங்கும்போது தரும் ஒரு கட்டளைச் சொல்லை, கொடுத்துப் பார்க்கலாம், வேறு கர்னலுக்கு மாறலாம், கர்னலை எழுப்பும் நிரலான பூட்லோடரையோ அது இருக்கும் இடத்தையோ மாற்றலாம், பயாஸ் அமைப்புகளில் கை வைக்கலாம், மதர்போர்டில் பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரையே (பயாஸ் அதன் அமைப்புத் திரை) புதுப்பிக்கலாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொரு வழங்கலை (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையை) நிறுவலாம். இவை ஒவ்வொன்றும் எங்கோ யாருக்கோ பலித்திருப்பதால், தீர்வு தேடுபவருக்கு எல்லாமே ஒரே தரத்தில் உள்ளவையாகத் தோன்றுகின்றன. அவை ஒரே தரத்தில் உள்ளவை அல்ல. சிலவற்றை அடுத்த மறுதொடக்கத்திலேயே இல்லாமல் ஆக்கிவிடலாம். சிலவற்றைச் செய்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது. பூட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும், எடுக்கப்போகும் நடவடிக்கையிலிருந்து திரும்பி வர முடியுமா என்பதையும் வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிலும் முக்கியமாக, கர்னல் அளவுரு என்பது காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுவது. நிலையான தீர்வைப் பெரும்பாலும் கர்னலிலோ ஃபர்ம்வேரிலோதான் தேட வேண்டும்.

மேசைக் கணினிகளைவிட மடிக்கணினிகளில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டால் வழிகளை எடை போடுவது எளிதாகும். மடிக்கணினியின் பேட்டரி, பின்னொளி, தொடுபலகை, விசிறி, இரட்டை கிராபிக்ஸ் ஆகியவை பெருமளவு ஏசிபிஐ என்ற, ஃபர்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான இடைமுகத்தைச் சார்ந்திருக்கின்றன. அந்த ஏசிபிஐ நிரல்களைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே சோதித்து வெளியிடுகிறார்கள். ஃபர்ம்வேர் இயங்குதளத்தைப் பார்த்து, நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று கேட்கும் வசதியும் அதில் உண்டு. விண்டோஸ் 7 என்றால் 'விண்டோஸ் 2009' என்றும், விண்டோஸ் 10 என்றால் 'விண்டோஸ் 2015' என்றும் அந்தக் கேள்வி அமையும். லினக்ஸ் கர்னல் இக்கேள்விகளுக்கு ஆம் என்றே பதில் சொல்கிறது. லினக்ஸா என்று நேரடியாகக் கேட்டால் இல்லை என்கிறது. இது பொய் சொல்லும் பழக்கம் அல்ல. சோதிக்கப்பட்ட பாதையிலேயே ஃபர்ம்வேரை நடக்க வைப்பதற்கான ஏற்பாடு. ஆனால் அந்தப் பாதையில் விண்டோஸ் இயக்கி மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையை ஃபர்ம்வேர் எதிர்பார்த்தால், லினக்ஸ் அங்கேயே உறைந்துபோகும். தனி கிராபிக்ஸ் சில்லை மின்னணைப்பு செய்யும் இடத்தில் இப்படி நின்றுபோன மடிக்கணினிகள் பல.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது, நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பரவலாகப் பயன்படும் பூட்லோடரான கிரப்பின் பட்டியலில் 'இ' (e) விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் உள்ள 'கொயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டு, எஃப்10 விசையால் தொடக்கினால், கர்னல் செய்வதெல்லாம் வரி வரியாகத் திரையில் ஓடும். பட்டியலே வரவில்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் ஃபர்ம்வேருக்கும் பூட்லோடருக்கும் இடையில் இருக்கிறது. கிரப்பின் வெற்றுக் கட்டளைக் குறி மட்டும் வந்தால், பூட்லோடர் ஓடுகிறது, அதன் அமைப்புக் கோப்பைத்தான் காணவில்லை. இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வின் அடையாள எண் இல்லை என்று சொல்லி ஒரு சிறு கட்டளைக்கூடு திறந்தால், கர்னல் எழுந்துவிட்டது, வட்டுதான் அதன் கண்ணில் படவில்லை. எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரை கறுத்தால், பெரும்பாலும் கிராபிக்ஸ் இயக்கி பொறுப்பேற்கும் கணம் அது.

இந்தக் கடைசி நிலையைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த ஒரு மடிக்கணினி, நிறுவல் முடிந்த நாளிலிருந்தே கறுப்புத் திரையோடு நின்றது. கர்னல் செத்துவிட்டது என்று நினைத்து இரண்டு மாலைகளை வெவ்வேறு அளவுருக்களில் செலவிட்டேன். மூன்றாம் நாள் தற்செயலாகக் கேப்ஸ் லாக் விசையை அழுத்தியபோது அதன் விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தியபோது அணைந்தது. கர்னல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. கர்னல் பேனிக் ஆகியிருந்தால் (மீள முடியாத பிழையில் நின்றிருந்தால்) பல மடிக்கணினிகளில் அந்த விளக்கு தானாகவே மினுக்கிக்கொண்டிருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்குள் மங்கலாக உள்நுழைவுப் பெட்டியின் ஓரக்கோடுகள் தெரிந்தன. கணினி முழுதாகத் தொடங்கி, கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தது. பின்னொளி மட்டும் எரியவில்லை. பூட் சிக்கல் என்று நான் நினைத்தது பூட் சிக்கலே அல்ல. அந்த நாளிலிருந்து, யார் கறுப்புத் திரை என்று சொன்னாலும், விளக்கையும் டார்ச்சையும் பார்த்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இப்போது வழிகளுக்கு வருவோம். கர்னல் அளவுருவின் பெரிய நன்மை, அதை ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்க்க முடியும் என்பது. கிரப் பட்டியலில் திருத்திய வரி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அடுத்த முறை பழையபடியே தொடங்கும். ஆகவே தவறாகக் கொடுத்தாலும் இழப்பு ஒரு மறுதொடக்கம் மட்டுமே. ஆனால் அளவுருக்களுக்குள்ளேயும் தரவேறுபாடு உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'நோமோட்செட்' என்பது கிராபிக்ஸ் இயக்கிகள் திரையின் பொறுப்பை ஏற்காமல் தடுக்கிறது. கணினி தொடங்கிவிடும், ஆனால் வன்பொருள் முடுக்கம் இருக்காது, திரையின் தெளிவுத்திறன் குறையலாம், வெளித்திரை இணையாது. 'ஏசிபிஐ ஆஃப்' இன்னும் மோசமானது. ஏசிபிஐ முழுவதையும் அணைப்பதால் பேட்டரி அளவு தெரியாது, மூடியை மூடினால் உறங்காது, மின்சாரம் முழுமையாக நிற்காமலும் போகலாம். பல புதிய மடிக்கணினிகளில் விசைப்பலகையோ தொடுபலகையோகூட வேலை செய்யாது. அதைக் கொடுத்துக் கணினி எழுந்துவிட்டால், சிக்கல் ஏசிபிஐ பக்கம் இருக்கிறது என்ற தகவலை எடுத்துக்கொண்டு, அந்த அளவுருவை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதை நிலையாக எழுதி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, ஏனெனில் அவர்கள் வாங்கிய மடிக்கணினியில் பாதிதான் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

குறுகலான அளவுருக்கள் வேறு வகை. என்விடியா சில்லுக்கான திறந்த இயக்கியான நூவோவை மட்டும் நிறுத்துவது, என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டு தானாக மின்சேமிப்பு நிலைக்குப் போவதை மட்டும் தடுப்பது, பிசிஐ இணைப்பின் மின்சேமிப்பை மட்டும் அணைப்பது, ஃபர்ம்வேரின் விண்டோஸ் கேள்விக்கு விண்டோஸ் 7 என்று மட்டும் பதில் சொல்ல வைப்பது ஆகியவை ஒரே ஓர் உறுப்பைத்தான் தொடுகின்றன. 2013இல் வந்த இன்டெல் பே டிரெயில் சில்லுகள் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும்போது கணினியையே உறைய வைத்தன. உறக்க நிலையை முதல் படியோடு நிறுத்தும் அளவுரு அந்த உறைதலைத் தடுத்தது, விலையாகப் பேட்டரி நேரம் குறைந்தது. என்விஎம்இ வட்டுகளுக்கான தானியங்கி மின்சேமிப்பு 2017இல் 4.11 கர்னலில் சேர்ந்தபோதும் சில வட்டுகள் திடீரென்று காணாமற்போயின. இரண்டு இடங்களிலும் அளவுரு செய்த உண்மையான பணி, குற்றவாளியை அடையாளம் காட்டியது. அகலமான அளவுருவால் கணினியை எழுப்பி, குறுகலானவற்றை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கொடுத்து, போதுமான மிகச் சிறியதைக் கண்டுபிடிப்பது என்பதே இந்த வழியை முறையாகப் பயன்படுத்துவது. ஒரே நேரத்தில் ஐந்தாறு அளவுருக்களைச் சேர்த்து ஒட்டுவதால் கணினி தொடங்கினாலும், எது உதவியது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

நிலையான தீர்வு என்று நான் பரிந்துரைப்பது கர்னலை மாற்றுவதைத்தான். காரணம் எளிது. லினக்ஸ் கர்னலுக்குள் மடிக்கணினி மாதிரிகளின் பெயர்களைப் பார்த்துச் செயல்படும் நீண்ட விதிவிலக்குப் பட்டியல்கள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயரும் மாதிரிப் பெயரும் பொருந்தினால், நாம் கையால் கொடுக்கும் அதே அளவுருவின் வேலையைக் கர்னல் தானாகவே செய்துவிடும். ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு புதிய கர்னல் வருகிறது, ஒவ்வொன்றிலும் இந்தப் பட்டியல்கள் வளர்கின்றன. அந்த மடிக்கணினி சந்தைக்கு வந்த தேதியைவிடப் பழைய கர்னலோடு ஒரு வழங்கலை நிறுவினால், அதன் விதிவிலக்கு அந்தக் கர்னலுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2023இல் வந்த டெபியன் 12 தன்னோடு கொண்டுவந்தது 6.1 கர்னல், அதற்குப் பின் வந்த வன்பொருளுக்கு பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து (புதிய மென்பொருளைப் பழைய பதிப்புக்குத் தருவது) புதிய கர்னலை எடுத்துக்கொள்ளலாம். உபுண்டு 24.04 தொடங்கியது 6.8 கர்னலோடு, 24.04.2 பதிப்பில் 6.11 வந்தது. வழங்கலை மாற்றாமலே கர்னலை மட்டும் முன்னே நகர்த்தும் இந்த வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பது வீண்.

புதியதா, பழையதா என்ற கேள்விக்கு ஒரு நேரான சோதனை உண்டு. இந்தக் கணினியில் இந்த இயங்குதளம் எப்போதாவது சரியாகத் தொடங்கியிருக்கிறதா? ஒருமுறைகூட இல்லை என்றால் புதிய கர்னலை நோக்கிப் போக வேண்டும். நேற்றுவரை தொடங்கியது என்றால், கிரப்பின் மேம்பட்ட தேர்வுகளில் இருக்கும் முந்தைய கர்னலைத் தேர்ந்து பார்க்க வேண்டும். அதில் தொடங்கிவிட்டால் சிக்கல் புதிய கர்னலிலோ, அதற்காகக் கட்டப்பட்ட, தொடக்கத்தில் தேவைப்படும் இயக்கிகளைக் கொண்ட தொடக்கநிலைக் கோப்புத்தொகுப்பிலோ, என்விடியாவின் தனியுரிமை இயக்கியைப் போன்ற வெளி மாட்யூல் புதிய கர்னலுக்குக் கட்டப்படாமல் போனதிலோ இருக்கிறது என்று உறுதியாகிவிடும். இந்த ஒரு சோதனைக்காகவே, இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று பழைய கர்னல்களை முழுவதும் நீக்கிவிடக் கூடாது. தொடங்கும் என்று தெரிந்த ஒரு கர்னலாவது எப்போதும் வட்டில் இருக்கட்டும்.

கிரப் பட்டியலே வராத கணினியில் மேற்சொன்ன இரண்டு வழிகளும் பயன்படா. அங்கே பார்க்க வேண்டியது ஃபர்ம்வேர் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்பதை. இன்றைய ஃபர்ம்வேர்களின் தரவிதியான யூஇஎஃப்ஐயின்படி, நிறுவல் நிரல் தன் பூட்லோடருக்கு ஒரு பதிவை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதிவைக்கும்; ஃபர்ம்வேர் அந்தப் பதிவைப் படித்துத் தொடக்கும். ஆனால் சில மடிக்கணினிகள் அந்தப் பதிவை மறுதொடக்கத்திலேயே அழித்துவிடுகின்றன. சில, பதிவை வைத்துக்கொண்டே அதைப் பொருட்படுத்தாமல் விண்டோஸின் தொடக்கக் கோப்பை மட்டுமே தேடுகின்றன. 2012இல் ஒரு மேசைக் கணினி மாதிரியின் ஃபர்ம்வேர், பதிவின் பெயர் விண்டோஸ் பூட் மேனேஜர் என்றோ ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்றோ இருந்தால் மட்டுமே தொடக்கியது கண்டறியப்பட்டது. இப்படிப்பட்ட கணினியில் கிரப்பைத் திரும்பத் திரும்ப நிறுவுவதால் எதுவும் மாறாது.

இந்நிலையில் இரண்டு தேர்வுகள் உண்டு. பூட்லோடர்கள் இருக்கும் இஎஃப்ஐ பகிர்வில் 'பூட்' என்ற கோப்புறைக்குள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில் பூட்லோடரின் பிரதியொன்றை வைப்பது முதலாவது. எந்தப் பதிவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் தேடுமாறு விதியில் சொல்லப்பட்ட இடம் இதுதான், பென் டிரைவிலிருந்து தொடங்குவதும் இதே இடத்தின் வழியாகத்தான். கிரப்பை நிறுவும்போதே அதை நீக்கக்கூடிய சாதனத்தைப் போல நிறுவச் சொன்னால், கோப்பு இந்த இடத்துக்குப் போய்விடும். இரண்டாவது, விண்டோஸின் தொடக்கக் கோப்பை வேறு பெயரில் நகர்த்திவிட்டு அந்த இடத்தில் கிரப்பை வைப்பது. இது வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் அடுத்த புதுப்பிப்பில் தன் கோப்பைத் திரும்ப அங்கே வைத்துவிடலாம், அப்போது கணினி மறுபடி பழைய நிலைக்கே போகும். முதல் தேர்வு போதுமானதாக இருக்கும் எந்தக் கணினியிலும் இரண்டாவதைத் தொடக் கூடாது. ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பே டிரெயில் காலத்துச் சில மலிவு மடிக்கணினிகளில் செயலி 64 பிட், ஃபர்ம்வேரோ 32 பிட். அவற்றுக்கு 'பூட்ஐஏ32' என்ற பெயரில் 32 பிட் பூட்லோடர் வேண்டும். 64 பிட் கர்னலை 32 பிட் யூஇஎஃப்ஐயிலிருந்து தொடக்கும் வசதி 2014இல் 3.15 கர்னலில் வந்தது, 2015இல் வெளியான டெபியன் 8இன் நிறுவியிலேயே அதற்கான ஏற்பாடு இருந்தது.

கிரப்பை விட்டு வேறு பூட்லோடர்களான சிஸ்டம்டி பூட்டுக்கோ ரீஃபைண்டுக்கோ மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிரப் பல கோப்பமைப்புகளைத் தானே படிக்கும், மறையாக்கம் செய்த பகிர்வைக்கூடத் திறக்கும்; அந்த ஆற்றலுக்கு ஏற்பச் சிக்கலான அமைப்பும் உடையது. சிஸ்டம்டி பூட் மிக எளியது, ஆனால் வழக்கமான அமைப்பில் கர்னல்கள் இஎஃப்ஐ பகிர்விலேயே இருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவி உருவாக்கும் இஎஃப்ஐ பகிர்வு பெரும்பாலும் 100 எம்பிதான் என்பதால், இரட்டை இயங்குதளக் கணினியில் இடம் போதாது. ரீஃபைண்ட் தொடக்கக்கூடியவற்றை ஒவ்வொரு முறையும் தானே தேடிக் காட்டுவதால், அதை ஒரு பென் டிரைவில் வைத்திருப்பது நல்ல மீட்புக் கருவி. கர்னல் எழுந்தபின் உறையும் கணினியில் மட்டும் இந்த மூன்றில் எதை மாற்றினாலும் பலன் இராது.

பயாஸ் அமைப்புகளை மாற்றுவது சில நொடி வேலைதான், அதன் விளைவுதான் பெரிது. விண்டோஸ் இருக்கும் கணினியில் கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைப்பதற்கு முன், வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இயங்கினால், அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கும். சாவி கையில் இல்லையென்றால் தரவைத் திறக்க முடியாமல் போகலாம். வட்டு கண்ணில் படாத நிலைக்குப் பல இன்டெல் மடிக்கணினிகளில் காரணம், வட்டை இன்டெலின் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கும் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற அமைப்பு. புதிய கர்னல்களில் விஎம்டிக்கான இயக்கி இருக்கிறது. அது தொடக்கநிலைக் கோப்புத்தொகுப்பில் சேர்ந்திருந்தால் போதும், அமைப்பை மாற்றவே தேவையில்லை. வழக்கமான வட்டு முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றியே தீர வேண்டும் என்றால், விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்குமாறு முதலில் அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கவிட்டு, அதன் பின் இயல்பு நிலைக்குத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.

செக்யூர் பூட் பற்றி இன்னொன்று. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய ஷிம் கோப்புகளை (செக்யூர் பூட் ஏற்கும், கிரப்பைத் தொடக்கும் சிறு நிரல்) தடை செய்யும் பட்டியலை ஃபர்ம்வேரில் எழுதியதால், பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸ் தொடங்காமல் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற செய்தியோடு நின்றது. லினக்ஸ் பக்கம் எதுவுமே மாறவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து ஷிம்மைப் புதுப்பித்துவிட்டு, மறுபடி இயக்குவதே அங்கே சரியான வழியாக இருந்தது. நிரந்தரமாக அணைத்து வைப்பது தேவையற்றது.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, எல்லா வழிகளிலும் அதிகம் தயங்க வேண்டியதும், சிக்கல் உண்மையிலேயே ஏசிபிஐ நிரலில் இருந்தால் முழுமையாகக் குணப்படுத்தக்கூடியதும் ஆகும். 2015 முதல் எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவியால் லினக்ஸிலிருந்தே இதைச் செய்ய முடிகிறது. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், மின்னிணைப்பு இருக்க வேண்டும், பிட்லாக்கரை முன்னதாக இடைநிறுத்தியிருக்க வேண்டும். பல மாதிரிகள் பழைய பதிப்புக்குத் திரும்ப அனுமதிப்பதில்லை. புதுப்பிப்புக்குப் பின் பூட் பதிவுகள் காணாமற்போவதும் உண்டு. அதைக் கண்டு கணினி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், பதிவை மறுபடி எழுதினால் போதும். ஃபர்ம்வேரின் நினைவகம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் சான்று. 2013இல் சாம்சங் மடிக்கணினிகள் சில யூஇஎஃப்ஐ வழியாக லினக்ஸைத் தொடக்கியதும் அறவே உயிரற்றுப் போயின. யூஇஎஃப்ஐ மாறிகளை அதிகமாக எழுதினால் விண்டோஸிலிருந்தும் அதே கதி நேரும் என்று பிறகு தெரிந்தது. 2017 டிசம்பரில், கர்னலில் இருந்த, பயாஸ் சில்லை அணுகும் இன்டெல் எஸ்பிஐ இயக்கி சில லெனோவோ மடிக்கணினிகளின் பயாஸைப் பாழாக்கியதால் உபுண்டு 17.10இன் பதிவிறக்கத்தையே நிறுத்தி வைத்து, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். ஆகவே பூட் பதிவுகளை எழுதி அழித்துச் சோதிப்பதைக்கூட அளவோடு செய்ய வேண்டும். தயாரிப்பாளரின் வெளியீட்டுக் குறிப்பில் நம் சிக்கலோடு தொடர்புடைய வரி இருந்தால் புதுப்பிக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று புதுப்பிப்பது எனக்கு உடன்பாடானதல்ல.

வேறு வழங்கலை நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்று தொடங்கி மற்றொன்று தொடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் கர்னல் பதிப்புதான். ஆனால் நிறுவாமல், மிகப் புதிய கர்னல் உள்ள ஒரு வழங்கலை பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது, வட்டைத் தொடாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஒப்பீட்டுச் சோதனை. அது தொடங்கினால் அதன் கர்னல் பதிப்பைக் குறித்துக்கொண்டு, நம் வழங்கலிலேயே அந்தப் பதிப்பை அடைய முயலலாம்.

குறுகலான ஓர் அளவுரு மட்டுமே கணினியைத் தொடக்குகிறது, மிகப் புதிய கர்னலிலும் அது இல்லாமல் முடியவில்லை என்ற நிலை வந்தால், அதை நிலையாக எழுதிவைத்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்திவிடாமல் கர்னல் உருவாக்குபவர்களுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். கர்னல் படிக்கும் அதே மாதிரிப் பெயர், ஃபர்ம்வேரின் பதிப்பும் தேதியும், அளவுரு இல்லாமல் தொடக்கியபோது திரையில் கடைசியாகத் தெரிந்த வரியின் படம், அளவுருவோடு தொடங்கியபின் எடுத்த முழுக் கர்னல் பதிவு ஆகிய நான்கும் இருந்தால், அந்த மாதிரியை விதிவிலக்குப் பட்டியலில் சேர்ப்பது பல நேரங்களில் சில வரித் திருத்தமாகவே முடிந்துவிடுகிறது. திருத்தம் வந்த கர்னலை நிறுவியதும், அளவுருவை நீக்கிவிட்டு ஒருமுறை தொடக்கிப் பார்க்க வேண்டும்.